செத்த பல்பில் ஆறு வோல்ட்

‘மாவ்ஷி கேல்யா’ என்று சுனந்தாவிடமிருந்து ஃபோனில் செய்தி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மராத்தியில் அதற்கு ‘மாவ்ஷி போய்விட்டார்’ என்று அர்த்தம். கடைக்குப் போனாலும் அதே சொல்தான், பஸ் ஏறிப் போனாலும் அதே சொல்தான். மாவ்ஷி என்று எல்லோரும் கூப்பிடுகிற எங்கள் லேப் அட்டெண்டர் கன்னியம்மா அன்று காலையில் பள்ளிக்கு வந்திருக்கவில்லை. தாமதமாக வந்து, நான் வகுப்பில் இருக்கும்போதே மறுபடியும் எங்கேயோ கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் பிராக்டிகல் இருக்கிறது, இந்த அம்மாளுக்கு அப்படி என்ன அவசரம் என்ற எரிச்சலில் ‘எங்கே?’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சுனந்தாவே வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஆபீசிலிருந்து எங்கள் லேபுக்கு உதவிக்கு அனுப்பப்பட்டவர் அவர். முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லையாம். சாவுச் செய்திக்கு ‘எங்கே?’ என்று பதில் கேட்ட மகராசி நான். அது இன்னும் என் ஃபோனில் கிடக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் முடியவில்லை.

புனேயில், ஏரவாடாவில் உள்ள எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நான் இயற்பியல் ஆசிரியை. அந்த இருபத்திரண்டு வருஷமும் எங்கள் லேபுக்கு அட்டெண்டர் கன்னியம்மாதான். பிள்ளைகளுக்கு அவர் மாவ்ஷி, அதாவது சித்தி. இந்த ஊர்ப் பள்ளிகளில் பெருக்கித் துடைக்கிற, மணி அடிக்கிற பெண்கள் எல்லோருமே மாவ்ஷிதான். கட்கியிலும் ஏரவாடாவிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் சிலர், எங்களிடம் படித்துப் போனவர்கள், மாவ்ஷியைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். தமிழிலேயே எழுதுங்கள் மேடம், எங்களுக்குப் படிக்க வராது, வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அதனால் இதை யாரோ உங்களுக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நேரில் நான் அவரை ‘நீ’, ‘வா’, ‘போ’ என்றுதான் பேசினேன். என்னைவிட மூன்று வயது சின்னவர். அவருக்கு நான் எப்போதும் ‘மேடம்’. இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்று வருகிறது. இருந்தபோது கொடுக்காத மரியாதை, என்ன செய்ய.

அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். கன்னியம்மா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கட்கியில். படித்தது மராத்திப் பள்ளியில், ஒன்பதாவது வரை. வாய் நிறையத் தமிழ் இருந்தது, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதற்காக அவர் தமிழில் எழுதாமல் இருந்ததில்லை. மராத்தி எழுத்துகளைப் போட்டுத் தமிழை எழுதுவார். லேப் அலமாரியில் ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருக்கும். ‘நல்ல வயரு’, ‘ஒடஞ்ச கண்ணாடி’, ‘மேடத்துக்கு மட்டும்’. மராத்திக்காரர்களுக்குப் படிக்க வரும், புரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குப் புரியும், ஆனால் மராத்தி எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அந்த லேபுக்குப் பூட்டே வேண்டாம் என்று நான் கேலி செய்வேன்.

மின்சாரம் நின்றால் நான் ‘கரண்ட் போச்சு’ என்பேன். புனேயில் பிறந்தவர் இல்லையா, அவர் ‘லைட் போச்சு’ என்பார், ஃபேன் நின்றால்கூட. நீ சொல்வது தப்பு, லைட் வேறு, கரண்ட் வேறு என்று ஒருநாள் திருத்தினேன். எதையும் திருத்தாமல் எனக்கு ஒரு நாள் போகாது. அவர் கையிலிருந்த துணியை உதறியபடி கேட்டார்.

“கரண்ட்டுன்னா உங்க புக்குல ஒயர்ல ஓடுதே, அதானே மேடம்? அது போனா எங்க போச்சு?”

ஓட்டம் நின்றுவிட்டது, அவ்வளவுதான், எங்கும் போகவில்லை என்றேன். அப்போ போச்சுன்னு சொல்றதும் தப்புதானே என்று சொல்லிவிட்டுத் துடைக்கப் போய்விட்டார். இன்றுவரை நான் ‘கரண்ட் போச்சு’ என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஏதோ இடிக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறது.

பத்தாவது தேறினால் லேப் அசிஸ்டண்டாக ஆக்கலாம் என்று நிர்வாகத்தில் ஒரு தடவை சொன்னார்கள். கன்னியம்மாவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. தனித்தேர்வராகப் பணம் கட்டி, மராத்திப் பாடப்புத்தகம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மற்ற பாடங்களுக்கு அவரே வழி பார்த்துக்கொண்டார், சயன்ஸ் மட்டும் என் தலையில். பள்ளி விட்ட பிறகு லேபிலேயே உட்காருவோம். அவர் புத்தகம் மராத்தி, நான் நடத்துவது இங்கிலீஷ், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தமிழ். கேட்பவர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

வோல்ட்டேஜ் பாடத்தில் வண்டி நின்றது. தமிழில் மின்னழுத்தம் என்று நான் படித்திருந்தேன். அழுத்தம் என்று சொல்லி, மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே குழாய் என்று படம் போட்டு விளக்கினேன். அவருக்கு அது இறங்கவில்லை. தண்ணீர் வராத குழாயைத்தான் தினமும் பார்க்கிறோம், அதில் என்ன அழுத்தம் இருக்கிறது என்று கேட்டார். தன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். மராத்தியில் அதற்குப் பெயர் விபவாந்தர். ‘அந்தர்’ என்றால் இடைவெளி, தூரம். இங்கிருந்து கடக்வாஸ்லா எவ்வளவு தூரம் என்று கேட்கிற அதே ‘அந்தர்’. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வோல்ட் மீட்டரின் இரண்டு வயர்களையும் தூக்கிக் காட்டி, “மீட்டருக்கு ரெண்டு காலு இருக்குது மேடம். ஒரு கால மட்டும் வெச்சினு எவ்ளோன்னு கேட்டா அது இன்னான்னு சொல்லும்?” என்றார். சரிதான் என்று தலையாட்டினேன். அது எவ்வளவு சரி என்று எனக்கு அன்று தெரியாது.

மறுநாள் மூன்று சின்ன பல்புகளை வரிசையாக ஒரே வயரில் கோர்த்தோம். இதைத்தான் தொடர் இணைப்பு என்கிறோம். பேட்டரி ஆறு வோல்ட். பல்புகள் மூன்றும் ஒரே ரகம். ஒவ்வொரு பல்பின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் இரண்டு, இரண்டு, இரண்டு. கூட்டினால் ஆறு. கன்னியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புளியோதரை டப்பாவைத் திறந்து எனக்கும் கொடுத்தார். நான் ஃபோன் பேச வெளியே போய்விட்டுத் திரும்பியபோது பல்பு எதுவும் எரியவில்லை. ஒன்று பியூஸ் ஆகியிருந்தது. அவர் பாட்டுக்கு மறுபடியும் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதியிருந்தார். பூஜ்யம், பூஜ்யம், ஆறு.

நல்ல பல்பு இரண்டிலும் பூஜ்யம். செத்த பல்பில் ஆறு.

நான் சிரித்தேன். கணக்குப் போட்டுக் காட்டினேன். கரண்ட் ஓடவில்லை, கரண்ட் பூஜ்யம். வோல்ட்டேஜ் என்பது கரண்ட்டைத் தடையால் பெருக்குவது. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆகவே மூன்றிலும் பூஜ்யம்தான் வரும், நீ மீட்டரைத் தப்பாக வைத்திருக்கிறாய் என்றேன். அவர் என் எதிரிலேயே மறுபடியும் வைத்தார். முள் ஆறில் போய் நின்றது. மீட்டர் கோளாறு என்றேன். அவர் விடவில்லை.

“பேட்டரி ஆறு குடுக்குது. நல்ல பல்பு ரெண்டுலயும் இல்ல. அப்போ ஆறும் எங்க போய் நிக்கும் மேடம்? அறுந்த எடத்துலதானே அந்தர் ஜாஸ்தி?”

ஐந்து மணி ஆகிவிட்டது, எனக்குப் பஸ்ஸுக்கு நேரம். பல வருஷமாக இதை நடத்துகிறவள், பத்தாவது தேறாத ஒருவர் எனக்கு எதிரில் நின்று இப்படிக் கேட்கிறாரே என்று உள்ளுக்குள் சுர்ரென்று வந்தது. அதுதான் நிஜம், மறைத்து என்ன ஆகப்போகிறது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஆறை அடித்தேன். பக்கத்தில் பூஜ்யம் போட்டேன். பரீட்சையில் இப்படி எழுது, பாஸ் ஆவாய் என்றேன். அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம், நீங்க சொன்னா சரி மேடம் என்றார்.

மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினார். சயன்ஸில் சில மார்க்கில் போய்விட்டது. அந்தக் கேள்வி வந்ததா, வந்திருந்தால் பூஜ்யம் என்று எழுதினாரா, அதனால்தான் போயிற்றா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அப்போது கேட்கத் தோன்றவில்லை, பின்னால் கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த தடவை எழுதலாமே என்றேன். பாக்கலாம் மேடம் என்றார். எழுதவேயில்லை. கடைசிவரை அட்டெண்டராகவே இருந்தார்.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புப் பிராக்டிகலில் ஏழெட்டுக் குழுக்கள் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் சரியாக ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் பல்பு எரியாது. அந்தக் குழு என்னைக் கூப்பிடாமல் அளந்து எழுதிவைக்கும், பூஜ்யம், பூஜ்யம், ஆறு. நான் அடிப்பேன். பிள்ளைகள் முழிப்பார்கள். மீட்டர்களை மாற்றச் சொன்னேன். புது மீட்டர் வந்தது, அதிலும் ஆறு. வயர்களை மாற்றினேன். பேட்டரி வைக்கிற பெட்டியை மாற்றினேன். சாமான் கொடுத்த கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். நாம் கண்டுபிடிக்க முடியாத ஏதோ கோளாறு இந்த லேபிலேயே இருக்கிறது என்று ஒருநாள் கன்னியம்மாவிடமே புலம்பினேன். “இருக்கும் மேடம்” என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

எனக்கு விளங்கியது ஒரு கணபதி பண்டிகையின்போது. வீட்டில் பழைய சீரியல் பல்பு மாலை ஒன்று எரியவில்லை. சாயங்காலம் தரையில் உட்கார்ந்து டெஸ்டரை வைத்து ஒவ்வொரு பல்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் பல்பின் இந்தப் பக்கம் டெஸ்டர் எரிந்தது, அந்தப் பக்கமும் எரிந்தது. அடுத்ததிலும் அப்படியே. எட்டாவதோ ஒன்பதாவதோ பல்பில், இந்தப் பக்கம் எரிந்தது, அந்தப் பக்கம் எரியவில்லை. அதற்கு அப்புறம் எதிலும் எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் அந்த பல்புதான் பியூஸ். கரண்ட் எங்கும் ஓடவில்லை. ஆனாலும் அந்த ஒரு பல்பின் இரண்டு கால்களுக்கும் நடுவில்தான் மொத்த வித்தியாசமும் நின்றுகொண்டிருந்தது. நல்ல பல்புகளுக்குப் பங்கே கிடையாது. அறுந்த இடத்தில் தடைக்கு எல்லையே இல்லை, பூஜ்யத்தால் பெருக்கி முடித்துவிடுகிற கணக்கு அங்கே செல்லாது. இது காலேஜில் எனக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மாலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மறுநாள் முதல் வேலையாகக் கன்னியம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, அறுந்த பல்பில்தான் முழு வோல்ட்டேஜும் இருக்கும், இதில் பலர் தவறு செய்வார்கள் என்று நடத்தினேன். பலராம். லேபின் கோடியில் கன்னியம்மா குழாயைத் திறந்து கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடியும் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்தால், டீ குடிக்கலாமா என்று வந்தது. நீங்க போங்க மேடம், வேலை இருக்குது என்றார்.

அதற்குப் பிறகு வந்த நான்கு வருஷமும் அந்த ஆறு வரவேயில்லை. எல்லாக் குழுவுக்கும் இரண்டு, இரண்டு, இரண்டு. யாராவது ஆறு என்று எழுதிக்கொண்டு வரமாட்டார்களா, பெரிதாக ஒரு டிக் போடலாமே என்று நான் காத்திருந்தேன். லேபைப் பிடித்திருந்த கோளாறு தானாகச் சரியாகிவிட்டதாகவே நம்பினேன். என் மூளை அவ்வளவுதான்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துக் கட்கிக்குப் போனேன். அவர் கணவர் முருகேசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு அவரே, வீட்டில் தினமும் உங்கள் பேச்சுதான் என்று ஆரம்பித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“உங்கள டியூப்லைட்டுன்னு சொல்லும் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. லேட்டாத்தான் எரியும், எரிஞ்சா நல்ல வெளிச்சம்னு சொல்லும்.”

எதில் நான் டியூப்லைட் என்று அவரிடம் கேட்க முடியுமா. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. கோபத்தில் சொன்னதா, பிரியத்தில் சொன்னதா, ஒன்றும் பிடிபடவில்லை.

போன வாரம் சுனந்தா அலமாரியைச் சுத்தம் செய்தார். மேல் தட்டின் மூலையில், பருத்திப் பஞ்சு வைத்த ஒரு பழைய மாத்திரை டப்பா. உள்ளே ஒரு சின்ன பல்பு. அதைச் சுற்றி நோட்டுக் காகிதம். இது என்ன மேடம், ஏதாவது மந்திரமா என்று சுனந்தா கேட்டார். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை, படியுங்கள் என்றேன். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மராத்தி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, தப்பான இடங்களில் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

“சேத்த பல்பு. மேடத்துக்கு புரிஞ்சிச்சி. இன்மே பசங்களுக்கு போட வேணாம். தூக்கி போடாத.”

மராத்தி எழுத்தில் குறில் ‘எ’ கிடையாது, ‘செத்த’ அவர் வாயில் ‘சேத்த’ ஆகிவிட்டது. அந்தக் குரல் சுனந்தாவுடையது. பேசியது கன்னியம்மா. இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். படித்தார். இன்னும் ஒரு தடவை என்றேன். சுனந்தா பயந்துபோய் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு குழுவின் சாமானில் அந்தச் செத்த பல்பை வைத்தது கன்னியம்மாதான். நான் என்றைக்காவது பார்ப்பேன் என்று வைத்திருக்கிறார். நான் ‘பலர் தவறு செய்வார்கள்’ என்று பெருமையடித்த அன்றைக்கு, எனக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு, எடுத்து வைத்துவிட்டார். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரா? சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாரா? அந்தச் சீட்டு யாருக்கு? தனக்கே எழுதிக்கொண்டதா? அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். எனக்கு என்றால் கையில் கொடுத்திருக்கலாமே. எத்தனை தடவை நினைத்தாலும் குழப்பம்தான் மிஞ்சுகிறது. பரீட்சையில் என்ன எழுதினார் என்பதும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அந்த பல்பை நல்ல பல்பு இரண்டோடு கோர்த்து அளந்தேன். பூஜ்யம், பூஜ்யம், ஆறு. யாரும் என்னோடு நிற்கவில்லை. இருந்தாலும் வாய்விட்டுச் சொன்னேன், சரி கன்னியம்மா என்று. பதினொரு வருஷம் தாமதம்.

பல்பை நான் வைத்துக்கொண்டேன், சீட்டோடு. கைப்பையில் கண்ணாடி வைக்கிற கூட்டில் இருக்கிறது. தூக்கிப் போடமாட்டேன்.

எங்களிடம் படித்துப் போனவர்களே, உங்களில் யாருடைய பிராக்டிகல் நோட்டிலாவது, தொடர் இணைப்புப் பக்கத்தில், மூன்றாவது பல்புக்கு நேரே நீங்கள் எழுதிய ஆறை நான் சிவப்பில் அடித்திருந்தால், அந்த நோட்டு வீட்டில் எங்கேயாவது கிடந்தால், எடுத்துப் பாருங்கள். அந்த பல்பை உங்கள் கையில் கொடுத்தவர் மாவ்ஷி. நீங்கள் எழுதிய ஆறு சரி. உங்களுக்கு முன்னால் அதை எழுதியவருக்கும் அது சரிதான். அடித்தவள்தான் தப்பு.